ஐந்து பெண்களும் ஓர் ஈயக் கூரையும்

வேல்ஸ் தேசத்தின் தென்மேற்கு மூலையிலே, அத்திலாந்திக் சமுத்திரத்தின் ஈரக்காற்று ஓயாது வீசும் ஒரு சிறு பள்ளத்தாக்கிலே, கூரையிழந்து நிற்கும் அரண்மனை ஒன்று உண்டு. அதனைப் பற்றித் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் கதை இது: இம்மாளிகைக்கு உரியவராயிருந்த மேற்றிராணியார் ஒருவருக்குப் பெண்மக்கள் ஐவர். அவர்களுக்குச் சீதனம் கொடுக்க வேறு வகையறியாத தந்தையார், மாளிகைக் கூரையிலே வேய்ந்திருந்த ஈயத் தகடுகளை உரித்து விற்றுவிட்டார். வந்த பணத்தைக் கொண்டு ஐவரையும் ஐந்து மேற்றிராணிமாருக்கே மணம் முடித்தும் வைத்தார். பெண்கள் வாழ்வு பெற்றனர். மழை உள்ளே இறங்கி மாளிகை பாழாயிற்று.

ஐந்து பெண்ணைப் பெற்றால் அரசனும் ஆண்டியாவான் என்னும் பழமொழியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மூத்தவளுக்காகக் காணியை ஈடு வைத்து, இளையவளுக்காக வீட்டையும் எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்ணையிலே ஒதுங்கிய தந்தைமாரை அறியாத ஊர் நம் நாட்டில் இல்லை. ஆகவே இக்கதை நமக்கு அந்நியமாகத் தோன்றாது; கேட்டவுடன் நம்பவும் தோன்றும். நானூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு தந்தையின் மீதும், அவர் பெற்ற ஐந்து பெண்களின் மீதும் சுமத்தப்பட்டிருக்கும் இப்பழி மெய்தானா என்று பார்ப்போம்.

ஊரின் பெயர் சென்ட் டேவிட்ஸ். வேல்ஸ் மக்களின் காவலரான அர்ச்சியசிட்ட தாவீது ஆறாம் நூற்றாண்டிலே துறவிமடம் அமைத்து வாழ்ந்த இடம் இது. அவரைத் தம் மொழியில் தேவி என்று அழைக்கும் வேல்ஸ் மக்கள், அவர் இறந்த மார்ச் மாதம் முதலாந் தேதியை இன்றும் தேசியத் திருநாளாகக் கொண்டாடுகின்றனர். மதுவையும் மாமிசத்தையும் விலக்கி, அப்பமும் கீரையும் உண்டு, தண்ணீர் மட்டுமே பருகி வாழ்ந்தவர் என்று அவரது சரித்திரம் கூறும். அத்தகைய துறவியின் கல்லறைக்கு எதிரிலே, பிற்காலத்தார் விருந்து மண்டபங்கள் நிறைந்த ஓர் அரண்மனையை எழுப்பினர் என்பது சிறிது வேடிக்கைதான்.

ஆலன் என்னும் சிற்றாறு ஓடும் பள்ளத்தில் அவரது பேராலயம் அமைந்திருக்கிறது. ஊர் மேட்டில் இருக்கிறது, கோவிலோ பள்ளத்தில். மேட்டிலுள்ள கோபுர வாயிலிலிருந்து முப்பத்தொன்பது படிகள் இறங்கியே கோவிலை அடைதல் வேண்டும். இங்கிலாந்துத் திருச்சபையின் கோட்பாட்டு விதிகள் முப்பத்தொன்பது ஆதலால், அப்படிகளுக்கும் அவ்விதிகளின் பெயரையே வைத்துவிட்டனர். வடகடலிலிருந்து மரக்கலமேறி வந்த வைக்கிங் கொள்ளையர் இவ்விடத்தைப் பலமுறை சூறையாடினர். 999ஆம் ஆண்டிலே மோர்கெனூ என்ற மேற்றிராணியாரையும், 1080ஆம் ஆண்டிலே ஆபிரகாம் என்பவரையும் அவர்கள் கொன்றனர். அப்படியிருந்தும் யாத்திரிகர் வருகை நிற்கவில்லை. 1081இல் இங்கிலாந்தை வென்ற வில்லியம் மன்னனே இங்கு வந்தான். 1171இல் அயர்லாந்துக்குப் போகும் வழியிலே இரண்டாம் ஹென்றி வந்தான். சென்ட் டேவிட்ஸுக்கு இருமுறை யாத்திரை செய்வது உரோமாபுரிக்கு ஒருமுறை செல்வதற்குச் சமமென்று பாப்பரசர் இரண்டாம் கலிஸ்துஸ் அருளியதாக ஒரு வழக்கும் எழுந்தது. உரோமாபுரிக்குக் கால்நடையாகப் போய்வர வேண்டியிருந்த அக்காலத்திலே, வேல்ஸ் நாட்டானுக்கு இது எத்துணை பெரிய சலுகை!

இப்போதுள்ள பேராலயத்தின் வேலை 1181ஆம் ஆண்டளவிலே தொடங்கிற்று. அதன் எதிரே, ஆற்றுக்கு அக்கரையிலே, மேற்றிராணியாரின் மாளிகை படிப்படியாக வளர்ந்தது. 1280 முதல் 1293 வரை பதவியிலிருந்த தோமஸ் பெக் என்பவர் முதலாம் எட்வேட் மன்னனின் அரண்மனை நிருவாகத்திலே உயர்பதவி வகித்தவர். 1284இல் அம்மன்னன் தன் இராணி எலினோருடன் சென்ட் டேவிட்ஸுக்கு வந்தபோது உபசரித்தவர் இவரே. அரசனை உபசரிக்கும் பொறுப்புள்ள ஒருவருக்கு அதற்கேற்ற வீடும் வேண்டியதாயிற்று. ஆயினும் இன்று நாம் காணும் எழிலுக்குக் காரணர் பெக் அல்லர். அவருக்குப் பின் வந்த ஹென்றி டி கௌவர்.

கௌவர் ஒக்ஸ்போட் சர்வகலாசாலையின் தலைவராக இருந்தவர். 1328இல் மேற்றிராணியாராகி, 1347இல் இறக்கும்வரை பத்தொன்பது ஆண்டுகள் இடைவிடாது கட்டினார் என்றே சொல்லலாம். பேராலயத்திலே பாடற்குழுவினரின் இடத்தை மக்கள் இருக்கும் பகுதியிலிருந்து பிரிக்கும் கற்றிரை அவருடையது. அதனுள்ளேயே அவர் அடக்கமும் செய்யப்பட்டிருக்கிறார். சுவான்சி நகரத்திலே 1332இல் ஒரு தருமசாலையையும் நிறுவினார். எனினும் அவர் பெயரை நிலைநிறுத்தியது இம்மாளிகையே.

ஒரு பெரிய முற்றத்தைச் சூழ்ந்து கட்டடங்கள் நிற்கின்றன. அவற்றில் மண்டபங்கள் இரண்டு. ஒன்று, மேற்றிராணியார் தம் வீட்டாருடனும் அலுவலருடனும் உண்டு, வழக்குக் கேட்டு, நாளாந்தக் கருமங்களைப் பார்ப்பதற்கு. மற்றொன்று பெருமண்டபம், அது விருந்தினருக்கு. இரண்டுக்கும் நடுவிலே ஒரே மடைப்பள்ளி. சமைத்ததை இருபுறமும் கொண்டுபோக வசதியாக அமைத்திருக்கின்றனர். மண்டபங்கள் யாவும் மேல்தளத்திலே இருக்க, கீழே கல்லால் வளைத்துக் கட்டிய இருண்ட நிலவறைகள் நீண்டு கிடக்கின்றன. தானியமும் மதுவும் விறகும் வைப்பதற்கானவை அவை. ஒரு வீட்டைப் பார்த்து அதன் தலைவனை அறியலாம் என்பர். விருந்தினருக்கென்று தனி மண்டபம் கட்டி, அதைத் தம்முடையதிலும் பெரிதாகக் கட்டியவர் கௌவர்.

பெருமண்டபத்தின் கிழக்குச் சுவரின் உச்சியிலே தேர்ச்சில்லைப் போன்ற வட்டச் சாளரம் ஒன்று உண்டு. கல்லிலே ஆரங்கள் செதுக்கிய அச்சாளரம் இன்றும் வானத்தைப் பார்த்தபடி நிற்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக, கட்டடங்களின் தலைப்பிலே மாலை சூட்டினாற்போல வரிசையாக ஓடும் வளைவுகளே இம்மாளிகையின் தனிச்சிறப்பு. வளைவுகளின் மேலே ஊதாக் கல்லும் வெண்மஞ்சட் கல்லும் சதுரங்கப் பலகையின் கட்டங்களைப் போல மாறிமாறிப் பதிக்கப்பட்டிருக்கின்றன. தூண்களின் அடியிலே தாங்கிகளாக மனித முகங்களும் விலங்கு முகங்களும் செதுக்கப்பட்டுள்ளன. அழகுக்கு அழகு; கூரையிலே விழும் மழைநீர் அவ்வளைவுகளினூடே வெளியேறவும் வழி. மழை மிகுந்த அந்நாட்டிலே, மழையை வெளியே அனுப்புவதற்குச் செய்த ஏற்பாட்டையே அலங்காரமாக்கிவிட்ட சிற்பியை எவ்வளவு மெச்சினாலும் தகும்.

இப்பெருமண்டபத்துக்கு ஊரார் இட்ட பெயர் 'யோன் மன்னன் மண்டபம்' என்பது. அயர்லாந்திலிருந்து திரும்பிய யோன் மன்னனை வரவேற்கவே இது கட்டப்பட்டதென்றும் கதை கட்டினர். யோன் மன்னன் 1216இல் இறந்தான். மண்டபமோ அவன் இறந்து நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தபின் எழுந்தது! இந்த ஊர்க்கதைகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு இஃதொரு சான்று.

இனிச் சீதனக் கதைக்கு வருவோம்.

வில்லியம் பார்லோ துறவிமடம் ஒன்றின் தலைவராக இருந்தவர். பின்னர் எட்டாம் ஹென்றி மன்னனின் திருச்சபைச் சீர்திருத்தத்திலே தீவிரமாக ஈடுபட்டார். மன்னன் உரோமாபுரியோடு பிணங்கித் திருச்சபைக்குத் தானே தலைவனாகி, துறவிமடங்களைக் கலைத்து அவற்றின் சொத்துக்களைக் கைப்பற்றிய காலம் அது. 1536இல் பார்லோ சென்ட் டேவிட்ஸின் மேற்றிராணியாரானார்.

ஊரார்க்கும் அவருக்கும் தொடக்கத்திலிருந்தே ஒவ்வவில்லை. யாத்திரையும் திருப்பண்ட வணக்கமும் வெறும் மூடநம்பிக்கை என்பது அவர் கொள்கை. அவருடைய கண்டிப்பையும் பொருட்படுத்தாது, 1538ஆம் ஆண்டு தாவீது திருநாளிலே பேராலயக் குருமார் திருப்பண்டங்களைத் துணிந்து வெளியே வைத்தனர். பார்லோ அவற்றைப் பறிமுதல் செய்தார். வெள்ளித் தகட்டாலான இரு தலைகளுக்குள்ளே இற்றுப்போன மண்டையோடுகள் இரண்டு, கையெலும்புகள் இரண்டு, வெள்ளியுறையிட்ட செல்லரித்த புத்தகம் ஒன்று எனப் பட்டியலிட்டு, மன்னனின் மந்திரி தோமஸ் குரொம்வெல்லுக்கு ஏளனமாக எழுதினார். அந்தப் புத்தகத்திலே என்ன இருந்ததோ என்று ஏங்காத சரித்திர மாணவர் இருக்க முடியாது.

இவ்வளவோடும் நின்றாரல்லர். மூலையிலே கிடக்கும் சென்ட் டேவிட்ஸ் தலைமைத்தானமாக இருக்கத் தகாது. மக்கள் நடமாட்டமுள்ள கார்மாதின் பட்டினத்துக்குத் தலைமைத்தானத்தை மாற்றவேண்டும் என்று ஓயாது முறையிட்டார். அதற்கு இணங்கினாரில்லை. எனினும் கார்மாதினுக்கு அண்மையிலுள்ள அபர்குவிலி என்னும் சிற்றூரிலிருந்த குருமார் கல்லூரியை 1541இல் பிரெக்கன் பட்டினத்துக்கு மாற்றி, அங்கே ஒரு பள்ளிக்கூடம் எழுவதற்கு வழிசெய்தார். அபர்குவிலிக் கட்டடம் மேற்றிராணியாரின் இல்லமாயிற்று. 1546இல் லாம்ஃபி என்னும் ஊரிலிருந்த மற்றொரு மாளிகையும் அதைச் சார்ந்த நிலமும் அவர் காலத்திலேதான் அரசனிடம் போய்ச் சேர்ந்தன. சென்ட் டேவிட்ஸ் மாளிகையின் ஈயத்தை உரித்தார் என்ற பழியும் அக்காலத்தையே சுட்டுகிறது. 1548இல் அவர் பாத்-வெல்ஸ் மேற்றிராணியாராக மாறிப் போய்விட்டார்.

ஐந்து பெண்களும் கற்பனையல்லர். ஆன், எலிசபெத், மார்கரட், பிரான்சஸ், அந்தோனியா என்பன அவர்கள் பெயர்கள். ஐவரின் கணவன்மாரும் மேற்றிராணிமாரானதும் உண்மையே. இத்தகைய குடும்பம் இங்கிலாந்தின் சரித்திரத்திலே வேறொன்று இருக்குமா என்பது ஐயம். கதை பிறந்தது இங்கேதான். ஆனால் ஆண்டுகளைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஹென்றி மன்னனின் காலத்திலே குருமார் மணம் புரிய முடியாது. 1539ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கொடுங் குற்றமாக்கியிருந்தது. 1549இலேதான் இங்கிலாந்தில் அதற்கு அனுமதி கிடைத்தது. பார்லோ அதற்கு முன்னரே முன்னாட் கன்னியாஸ்திரீயான அகதா என்பவரை மறைவாக மணந்திருந்தார் எனலாம். ஏனெனில் அவர் மகன் வில்லியம் 1544ஆம் ஆண்டளவிலே பிறந்தவர். காந்த ஊசியையும் திசையறி கருவியையும் ஆராய்ந்து பிற்காலத்திலே நூல்கள் எழுதிய அறிஞர் இந்த வில்லியம். மறைவிலே வளர்ந்த இந்தக் குடும்பத்திலே, 1548இல் தந்தையார் சென்ட் டேவிட்ஸை விட்டு நீங்கியபோது பிறந்திருந்த பெண்கள் எத்தனை பேராயினும், அவர்கள் தொட்டிலிலோ தவழும் பருவத்திலோ இருந்திருப்பர். ஐவருள் புகழ்மிக்க பிரான்சஸ் அப்போது பிறக்கவேயில்லை. அவர் பிறந்தது 1550ஐ ஒட்டிய காலத்தில். பிறவாத பெண்ணுக்காகக் கூரையை விற்ற தந்தை உலகில் உண்டோ?

இன்னொன்றும் பார்க்கலாம். பார்லோ 1568இல் இறந்தார். மார்கரட்டின் கணவர் ஓவர்டன் மேற்றிராணியாரானது 1580இல். அந்தோனியாவின் கணவர் விக்கம் 1584இல். ஆனின் கணவர் வெஸ்ற்பாலிங் 1586இல். பிரான்சஸின் கணவர் தோபி மத்தியூ 1595இல். எலிசபெத்தின் கணவர் டே 1596இல். தந்தையார் கண்மூடிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழியும்வரை ஐந்து மருமக்களில் ஒருவர்கூட மேற்றிராணியாராக இருக்கவில்லை! ஈயத்தை விற்று 'ஐந்து மேற்றிராணிமாரை' வாங்கினார் என்னும் கதை இந்த ஒரு கணக்கிலேயே சரிந்துவிடுகிறது. தவிரவும், மேரி இராணியின் காலத்தில் 1553இல் பார்லோ பதவியிழந்து, பின் அந்நிய நாட்டில் அகதியாகத் திரிந்தார். 1559இல் எலிசபெத் இராணியின் ஆட்சியிலேதான் சிச்செஸ்ரர் மேற்றிராணியாராக மீண்டும் தலையெடுத்தார். நாற்பதுகளிலே விற்ற ஈயக்காசு, இத்தனை அலைச்சலுக்கும் தப்பி, மகள்மாரின் திருமணம் வரை கைப்பெட்டியில் இருந்ததென்று நம்புவது எப்படி?

பிரான்சஸ் அம்மையாரைப் பற்றி இங்கே இரண்டொரு வார்த்தை சொல்லாமல் நகர மனம் வரவில்லை. அவரது முதற் கணவர் கான்ரபரி அதிமேற்றிராணியார் பார்க்கரின் புதல்வர்; அவர் இளமையிலேயே இறந்தார். இரண்டாம் கணவர் தோபி மத்தியூ 1606இல் யோர்க் அதிமேற்றிராணியாரானார். 1628இல் கணவர் இறந்தபின், அவர் சேர்த்து வைத்திருந்த 3,000 அளவிலான புத்தகங்களை யோர்க் பேராலயத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டிலே அம்மையாரும் மறைந்தார். தந்தை ஒரு மேற்றிராணியார், மாமனார் ஓர் அதிமேற்றிராணியார், கணவர் ஓர் அதிமேற்றிராணியார், சகோதரிகளின் கணவன்மார் நால்வரும் மேற்றிராணிமார் என்று அவரது நினைவுக்கல் பெருமையோடு கூறுகிறது. அந்தப் புத்தகங்களால் யோர்க் பேராலயத்தின் நூலகம் புத்துயிர் பெற்றது. சென்ட் டேவிட்ஸிலோ அவர் பெயர் கூரை தின்ற ஐவருள் ஒருத்தி என்ற அளவிலேதான் நின்றது.

அப்படியானால் பார்லோ குற்றமற்றவரா? அவ்வாறும் சொல்வதற்கில்லை. அவருக்கு அம்மாளிகையிலே அன்பில்லை. அதைக் காக்க வேண்டுமென்ற எண்ணமும் இல்லை. ஈயம் அந்நாளிலே காசுக்குச் சமம். கலைக்கப்பட்ட துறவிமடங்களிலே அரசனின் ஆட்கள் முதலிற் கைவைத்தது கூரையில்தான். உத்தரங்களையே விறகாக எரித்து, ஈயத்தை உருக்கி வார்த்து விற்றனர். அக்காலத்து மேற்றிராணியார் ஒருவர் தமக்கு வேண்டாத வீட்டின் ஈயத்தை எடுத்தாரெனில், அதற்குச் சீதனம் ஒரு காரணமாக வேண்டியதில்லை. ஊரெங்கும் அதுவே நடந்துகொண்டிருந்தது.

ஈயம் போனபின் கட்டடம் எப்படி அழியுமென்பது, ஓடு பெயர்ந்த வீட்டில் ஒரு மாரிகாலம் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முதலில் மரம் நனைந்து உளுக்கும். உத்தரம் விழும்போது சுவரின் தலைப்பையும் பெயர்த்துக்கொண்டு விழும். தலைப்புத் திறந்த சுவருக்குள் நீர் இறங்கி, கற்களுக்கிடையிலுள்ள சுண்ணச் சாந்தைக் கரைக்கும். பின்னர் செடி முளைக்கும்.

ஆயினும் ஈயத்தை எடுத்தவர் எவராயினும், திரும்ப வேய எவரும் முன்வராததே மாளிகையைக் கொன்றது. ஒரு கூரை போனால் மறுகூரை போடுவர், அந்த வீடு தேவைப்பட்டால். கௌவர் கட்டியது யாத்திரிகர் திரளும் ஊரிலே, உயர்ந்த விருந்தினரை வரவேற்பதற்கான வீடு. 1538இல் திருப்பண்டங்கள் பறிபோய் யாத்திரை ஒழிந்தது. அதன்பின் அம்மூலைக்கு அரசர் எவர் வரப்போகிறார்? விருந்தினர் வராத வீட்டிலே பெருமண்டபம் எதற்கு? மேற்றிராணிமார் அபர்குவிலியிலே வசதியாக வாழப் பழகிவிட்டனர். பார்லோவுக்குப் பின்வந்த பெரார், மேரி இராணியின் காலத்திலே 1555இல் கார்மாதின் சந்தை வெளியில் உயிரோடு எரிக்கப்பட்டார். அவருக்குக் கூரையைப் பற்றி எண்ண அவகாசம் இருந்திருக்காது. 1616இல் மில்போர்ன் என்ற மேற்றிராணியார் மாளிகையின் சில பகுதிகளை இடித்துவிட அனுமதி கேட்டார். பிற்காலத்திலே கான்ரபரி அதிமேற்றிராணியாராகிச் சிரச்சேதம் பெற்ற வில்லியம் லோட், 1621 முதல் 1626 வரை சென்ட் டேவிட்ஸின் மேற்றிராணியாராக இருந்தார். அவரும் புதிதாக ஒரு சிற்றாலயம் கட்டியது அபர்குவிலியிலேயே. இவர்களுக்கெல்லாம் சீதனம் கேட்ட பெண்கள் இருந்தனரென்று எவரும் சொல்லவில்லை.

பேராலயத்தின் விதி வேறு. அதற்கும் பாழடைந்த காலங்கள் உண்டு. ஆனால் வழிபாடு நிற்கவில்லை. ஆதலால் பழுது பார்ப்போரும் இருந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அதன் மேற்கு முகப்பை யோன் நாஷ் என்ற சிற்பி திருப்பிக் கட்டினார். 1860களிலே கில்பேட் ஸ்கொட் என்பவர் பேராலயம் முழுவதையும் செப்பனிட்டார். எட்டாம் ஹென்றியின் பாட்டனார் எட்மண்ட் ரியூடரின் கல்லறையும் அங்கே இருக்கிறது. கார்மாதின் மடம் கலைக்கப்பட்டபோது அங்கிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தது அது. ஆற்றுக்கு இக்கரையில் கூரையோடு ஒரு கோவில், அக்கரையில் கூரையின்றி ஒரு மாளிகை. இரண்டுக்கும் நடுவே சில பாகம் தூரந்தான்.

1932இல் அரசாங்கம் மாளிகையைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டது. இப்போது வேல்ஸின் தொல்பொருட் பாதுகாப்பு நிறுவனமான 'கடு' அதனைப் பேணிவருகிறது. புதுக்கூரை போடவில்லை, நிற்பதை நிற்கும்படி காப்பதே அவர்கள் முறை. இரண்டாயிரம் பேர்கூட வாழாத சென்ட் டேவிட்ஸுக்கு 1995இல் எலிசபெத் மகாராணியார் நகரம் என்ற பட்டத்தை மீண்டும் வழங்கினார். பேராலயத்திலே தாவீதின் திருக்கல்லறை செப்பனிடப்பட்டு, 2012ஆம் ஆண்டு மார்ச் முதலாந் தேதி மறுபடியும் அர்ப்பணிக்கப்பட்டது. அதை வணங்க வருவோர் பாலத்தைக் கடந்து மாளிகைக்கும் போகின்றனர். நிலவறைகளிலே நடந்து, பெருமண்டபத்தின் படியேறி, சில்லுச் சாளரத்தை அண்ணாந்து பார்க்கின்றனர். ஐந்து பெண்களின் கதையும் அங்கே இன்றுவரை சொல்லப்பட்டே வருகிறது.